ஓர்கிட் கள்ளி, கடுபுல் பூ: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வளர்ப்பவர்கள் பேசுவதற்கு

ஆரையம்பதிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு ஓர்கிட் கள்ளிகள் இருக்கின்றன. ஒன்று நம் ஊர் வீடுகளில் இருக்கிற வெள்ளைக் கடுபுல், இரவில் பூப்பது. அம்மம்மாவின் வளவிலிருந்து கொண்டுவந்த கிளை. மற்றது சிவப்பாகப் பூக்கும் என்று சொல்லி பண்டாரவளையில் வாங்கியது. வெள்ளை யன்னலுக்கு மேலே வளர்ந்துவிட்டது, ஆனால் இதுவரை மொட்டு என்ற பேச்சே இல்லை. சிவப்பு, கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து சுருங்கிக்கொண்டே போகிறது. இரண்டும் விறாந்தையின் உள்பக்கம் நிற்கின்றன. பெரிய சீமெந்துச் சாடி, வளவு மண்ணும் எருவும் கலந்து போட்டது. கள்ளி தானே என்று தண்ணீர் குறைவாகத்தான் ஊற்றுகிறேன். பூக்க வைக்க என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடி வளவு:

தங்கச்சி, முதலில் "கள்ளி தானே" என்பதை விட்டுவிடுவோம். இது நாகதாளி மாதிரி வெயிலில் கருகிக்கொண்டு நிற்கிற சாதி இல்லை. கடுபுல்லின் தாயகம் தென் மெக்சிக்கோவும் குவாத்தமாலாப் பக்கமும். அங்கே காட்டு மரங்களின் கவட்டில், சருகு சேர்ந்து உக்கிய இடத்தில் வேர் விட்டுத் தொங்கி வளர்கிறது. மரத்தை உறிஞ்சுவதில்லை, தங்க இடம் மட்டும்தான் வேண்டும். மேலே மரக்கிளைகள் இருப்பதால் வெயில் சல்லடையாக விழும். மழை பெய்தால் நன்றாக நனையும், கொஞ்ச நேரத்தில் காற்றுப் பட்டு வேர் உலரும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்க வேண்டும், வேருக்குக் காற்று வேண்டும், கடும் வெயில் வேண்டாம், இருட்டும் வேண்டாம். நான் மேற்கொண்டு சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் வெள்ளை பூக்காததற்கு விறாந்தையின் உள்பக்கம்தான் முதற் காரணம் என்று நினைக்கிறேன். புதுக் கிளைகளைப் பாருங்கள். மெலிந்து, வெளிறி, உருண்டையான குச்சி போல நீண்டுகொண்டு போகிறதா? அப்படியென்றால் வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. கிழக்குப் பக்கம் காலை வெயில் ஒன்பது, பத்து மணி வரை படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் தூக்கி வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள், இல்லாவிட்டால் தட்டை முழுக்க வெள்ளைக் கருகல் விழும். அந்தத் தழும்பு பிறகு மாறவே மாறாது.

நாம் இலை என்று சொல்கிற அந்தத் தட்டை உண்மையில் தண்டு. அதன் ஓரத்தில் அலை அலையாக வெட்டு இருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கண். மொட்டு வருவதும் அதில்தான், புதுக் கிளை வருவதும் அதில்தான். ஒருமுறை பூத்த கண் பொதுவாக மறுபடி பூக்காது. ஆகவே பழைய தட்டை ஒன்றில் கண்ணெல்லாம் முடிந்திருந்தால் அதை வெட்டலாம், பூக்காத கண்கள் இருக்கிற தட்டையை வெட்ட வேண்டாம். முற்றாத கிளையில் பூ எதிர்பார்க்கவும் வேண்டாம். கிளை வைத்து வளர்த்தால் இரண்டு, மூன்று வருடம் பொறுக்கத்தான் வேண்டும்.

சாடி பெரிதாக இருப்பது இன்னொரு பிரச்சினை. வேர் எட்டாத மண்ணில் ஈரம் கிடந்து புளிக்கும். வேர் சாடியை நிரப்பி நெருக்கமாக இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கிறது. சின்னச் சாடிக்கு மாற்றுங்கள், கனம் போதாமல் சரிந்தால் அந்தச் சாடியைப் பெரிய சாடிக்குள் கல் போட்டு இருத்துங்கள்.

சம்மாந்துறை நானா:

அக்கா சொன்னது சரி. கலவை பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். எழுவான்கரை மணல் தண்ணியை நிறுத்தாது, ஆனால் அதில் எருவைப் போட்டால் அடியில் போய்ப் படிந்து சேறாகிவிடும். வயல் மண் அதைவிட மோசம், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். நான் வளவு மண்ணே போடுவதில்லை. பொச்சை விரல் நுனி அளவுக்கு வெட்டி, தண்ணி மாற்றி மாற்றி ஊறவைத்து, அந்தக் கறை போன பிறகு பாவிக்கிறேன். அதோடு சிரட்டைக் கரித் துண்டு, உடைந்த செங்கல், நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு. எங்கள் பக்கம் அரிசி ஆலைகளில் உமி கேட்டால் கிடைக்கும். அதைச் சாம்பலாகப் போகவிடாமல் கருக்கி எடுத்துக் கலந்தால் கலவை பொருபொருவென்று இருக்கும். தண்ணி ஊற்றினால் உடனே அடியால் வழிய வேண்டும், அதுதான் கணக்கு. தும்புச்சோறு மட்டும் போட்டு நடுபவர்கள் இருக்கிறார்கள். கோடையில் பரவாயில்லை, மாரியில் அது தண்ணியைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுக வைக்கும்.

கச்சானுக்கு வருகிறேன். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு சூடாக இறங்குகிறது. ஆனி, ஆடியில் மத்தியானம் முகத்தில் அடிக்கும் காற்றே சொல்லும். அம்பாறை, சம்மாந்துறையில் கடல் காற்று வந்து ஆற்றுவதும் உங்களைவிடக் குறைவு. அந்த மாதங்களில் நான் சாடிகளை மேற்குச் சுவருக்குப் பின்னால், ஒன்றோடு ஒன்று நெருக்கி வைப்பேன். பின்னேரம் நிலத்தை நனைத்துவிடுவேன். இந்தச் சாதி பகலில் மூச்சுத் துளையை மூடி, இரவில் திறந்து காற்றை எடுக்கிற சாதி. அதனால் இரவில் சுற்றுப்புறம் குளிர்ந்திருப்பது அதற்கு நல்லது.

தண்ணி குறைவாக ஊற்றுவது கோடைக்குப் போதாது. விரலை விட்டுப் பாருங்கள், மேலே இரண்டு விரற்கட்டை காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் இருந்தால் விடுங்கள். நாள் கணக்கு வைக்க வேண்டாம்.

திருக்கோவில் ரீச்சர்:

யாரும் தண்ணீரின் சுவையைப் பற்றிக் கேட்கவில்லையே. ஆரையம்பதி வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கோடை முற்றினால் பல கிணறுகளில் சவர் ஏறும். மரத்தில் மழைத் தண்ணீர் குடித்து வளர்ந்த செடிக்கு உப்பு ஆகவே ஆகாது. சாடியின் விளிம்பிலும் வெளிப்புறத்திலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டைகளின் நுனி மண்ணிறமாகக் காய்ந்து வந்தால் அதுவும் சந்தேகப்பட வேண்டிய அடையாளம். சிவப்புச் செடி சுருங்குவதில் கச்சானுக்குப் பாதிப் பங்கு என்றால் சவர்த் தண்ணீருக்கு மீதிப் பங்கு இருக்கலாம்.

நான் மாரியில் பீலித் தண்ணீரை மூடி போட்ட பெரிய பீப்பாயில் பிடித்து வைத்து இந்தச் செடிகளுக்கு மட்டும் எடுத்து வைக்கிறேன். அது முடிந்தால் குழாய்த் தண்ணீர், வாளியில் ஓர் இரவு வைத்து. வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீர்தான் என்றால், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல் அடியால் நன்றாக வழியும்படி ஊற்றுங்கள். உப்பு கலவையில் தங்காமல் கழுவிக்கொண்டு போகும். சாடிக்குக் கீழே தட்டு வைத்து வழிந்த தண்ணீரை நிற்கவிட வேண்டாம். வேர் அதே உப்பைத் திரும்ப உறிஞ்சும், நுளம்பும் பெருகும். டெங்கு காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

படுவான்கரை மாமா:

பிள்ளைகள் எல்லாரும் பெரிய பாடாகச் சொல்கிறீர்கள். எங்கள் வளவில் மாமரத்தின் கவட்டில் ஒரு கிளையைச் செருகி, தும்பால் கட்டிவிட்டது. ஊற்றுவாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. வருஷா வருஷம் முதல் மழைக்குப் பிறகு மரம் நிறையப் பூக்கிறது. சாடியில் இருக்கிறதுக்கு நல்ல மாட்டெரு போட்டால் போதும்.

கல்லடி வளவு:

மாமா, உங்கள் மாமரம் நாங்கள் சொல்வதற்குத்தான் சாட்சி. கவட்டில் சருகு உக்கிக் கிடக்கிறது, தண்ணீர் தேங்குவதில்லை, இலைக்கூட்டம் வெயிலைச் சல்லடை போடுகிறது. அதன் சொந்த வீட்டிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். மரம் உள்ளவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்ய வேண்டும். பலா, மா, வேம்பு, எதுவானாலும் பட்டை சொரசொரப்பாக இருந்தால் நல்லது. முதல் கோடை ஒன்றுக்கு மட்டும் நனைத்துக் கொடுத்தால் பிறகு தானே பார்த்துக்கொள்ளும்.

மாட்டெருவில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். பச்சை எரு சூடு, வேரைப் பொசுக்கும். நன்றாக உக்கியதென்றாலும் நிறையப் போட்டால் தட்டை தட்டையாகத் தழைக்குமே தவிர மொட்டு வராது. நைதரசன் கூடினால் அப்படித்தான். பொஸ்பரசும் பொட்டாசியமும் கூடிய உரத்தைப் பைக்கற்றில் சொன்னதில் கால்வாசிக்கு நீர்த்து, செடி வளர்கிற காலத்தில் மட்டும் கொடுங்கள். காய்ந்த கலவையில் உரத் தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர்.

முதல் மழைக்குப் பிறகு பூக்கிறது என்று சொன்னீர்களே, அதை எல்லாரும் கவனிக்க வேண்டும். என் வீட்டிலும் கோடையின் கடைசியில் கொஞ்சம் காயவிட்டு, பிறகு மழை விழும்போது கண்கள் விழிக்கின்றன. புரட்டாதியில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், தட்டை சுருங்கும் அளவுக்கு அல்ல.

ஆரையம்பதிப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. சாடி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறது ரீச்சர். நான் சுண்ணாம்பு என்று விட்டிருந்தேன். புதுக் கிளைகளும் அக்கா சொன்ன மாதிரிக் குச்சி போலத்தான். சிவப்பைப் பற்றி யாராவது சொல்லுங்கள். அது இங்கே பூக்குமா?

கல்முனை மொட்டைமாடி:

சகோதரி, நேராகச் சொல்கிறேன், நம் கடற்கரையில் அது பூப்பது கஷ்டம். காசு கொடுத்து வாங்கி ஏமாந்துபோகிறவர்களைக் கண்டு மனம் வருந்தித்தான் எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு, ரோஸ், செம்மஞ்சள் எல்லாம் கடுபுல்லின் நேர்ப் பிள்ளைகள் இல்லை. பெரும்பாலானவை டிசோகக்டஸ் என்ற உறவுக்காரச் சாதியை வைத்து 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் கலந்து கலந்து உண்டாக்கிய ஹைபிரிட்டுகள். அந்தப் பெற்றோர்ச் செடிகள் மெக்சிக்கோவின் மலைக்காட்டுச் சாதி. பகலில் பூக்கும், பூ இரண்டு மூன்று நாள் நிற்கும், வாசம் அநேகமாக இருக்காது. மொட்டுப் பிடிக்க வேண்டுமென்றால் சில வாரங்கள் தொடர்ந்து இரவு 10 முதல் 15 பாகை வரை குளிர வேண்டும். பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் அந்தக் குளிர் வரும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தை மாதத்தில்கூட இரவு 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கடையில் பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறோம். அந்த மொட்டு மலைக் குளிரில் பிடித்தது. இங்கே வந்த பிறகு தட்டை வரும், மொட்டு வராது.

கடுபுல், அதாவது எபிபில்லம் ஒக்சிபெட்டலம், தாழ்நிலச் சூட்டையும் தாங்கும் சாதி. அதனால்தான் நம் ஊர் வளவுகளில் தலைமுறையாக நிற்கிறது. நம் பக்கத்துக்குப் பொருத்தமான இன்னொன்று வேண்டுமென்றால் டிராகன் பழக் கொடியை வையுங்கள். அதுவும் இதே குடும்பம், இரவில் பெரிய வெள்ளைப் பூ, வெயிலையும் தாங்கும், பழமும் கிடைக்கும்.

திருக்கோவில் ரீச்சர்:

சிவப்பை எறிந்துவிட வேண்டாம் மகள். மலைநாட்டில் உறவினர் யாரும் இருந்தால் கொடுத்துவிடுங்கள், அங்கே சந்தோஷமாகப் பூக்கும். படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

சம்மாந்துறை நானா:

மொட்டை மாடி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். குளிர் இல்லாமலும் ஒன்றிரண்டு ஹைபிரிட் எப்போதாவது ஒரு பூ விடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நம்பிக் காசு போடலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கல்லடி வளவு:

மொட்டு வந்த பிறகு என்ன நடக்கும் என்று தங்கச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டத்தில்தான் பலர் பூவை இழக்கிறார்கள்.

முதலில் கண்ணில் அரிசிமணி அளவில் செந்நிறமாக ஒன்று தெரியும். புதுக் கிளையும் அப்படித்தான் தொடங்கும். சில நாளில் தட்டையாக விரிந்தால் கிளை, உருண்டு நுனி கூர்ந்தால் மொட்டு. பிறகு காம்பு போன்ற ஒரு நீண்ட குழாய் வளர்ந்து கீழ்நோக்கித் தொங்கும். மூன்று, நான்கு வாரத்தில் குழாய் வளைந்து, மொட்டு முகத்தை மேலே தூக்கும். மொட்டு பருத்து, வெளி இதழ்கள் லேசாக விலகினால் அன்றிரவு விரியும். இருட்டின பிறகு எட்டு, ஒன்பது மணிக்கு நுனி பிளக்கும். விரிகிற வேகம் கண்ணுக்குத் தெரியும். வெளியில் ஒடுங்கிய செம்பழுப்பு இதழ்கள் பின்னால் மடியும், உள்ளே வெள்ளை இதழ்கள், அவற்றுக்குள் மெல்லிய மகரந்தத் தண்டுகள் கூட்டமாக, நடுவில் நட்சத்திரம் போல விரிந்த சூலகமுடி. நள்ளிரவில் முழுதாக விரிந்திருக்கும்போது அந்த வாசம் கேற்றடி வரை வரும். அது நமக்காக இல்லை, இருட்டில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளுக்காக. விடிகிற நேரம் தொங்கிவிடும்.

இந்த மூன்று நான்கு வாரமும் சாடியை அசைக்காதீர்கள், திருப்பாதீர்கள். வெளிச்சம் வந்த பக்கம் மாறினால் மொட்டு மஞ்சளாகி விழும். காயவிடவும் கூடாது, குளம் கட்டவும் கூடாது. பூவை வீட்டுக்குள் பார்க்க ஆசைப்பட்டால் விரியும் அன்று பின்னேரம் மட்டும் தூக்கி வையுங்கள்.

ஏறாவூர் ராத்தா:

எங்கள் வீட்டில் மொட்டு வந்து வந்து விழுகிறது. சாடியை யாரும் தொடவில்லை. எறும்பு மட்டும் நிறைய ஏறுகிறது.

சம்மாந்துறை நானா:

ராத்தா, எறும்பு சும்மா ஏறாது. மொட்டின் அடியிலும் தட்டையின் கண்களிலும் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். மாவுப்பூச்சியாக இருக்கும். அது சாற்றை உறிஞ்சி இனிப்புத் தண்ணி விடும், எறும்பு அதற்குத்தான் வருகிறது. அந்தப் பூச்சியை எறும்பு காவல் காத்து, வேறு கிளைக்கும் கொண்டுபோகும். பழைய பல் துலக்கும் பிரஷை சவர்க்காரத் தண்ணியில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நன்றாகக் குலுக்கி, பொழுது சாய்ந்த பிறகு தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் தெளித்தால் தட்டை வெந்துபோகும். கிழமைக்கு ஒரு தரமாக மூன்று நான்கு முறை செய்யுங்கள். மொட்டின் மேல் தெளிக்க வேண்டாம், அங்கே ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஒட்டிக்கொண்டு நகராத மண்ணிறச் செதில் இருந்தால் அதையும் நகத்தால் சுரண்டி எடுங்கள்.

படுவான்கரை மாமா:

மாரியில் நத்தையையும் பாருங்கள். பெரிய ஆபிரிக்க நத்தை ஒரே இரவில் இளங்கிளையை அரித்துவிடும். இருட்டின பிறகு ரோச்லைட்டோடு போய்ப் பொறுக்கிப் போட்டால்தான் அடங்கும். சாடியைத் தூக்கிக் கட்டினால் இன்னும் நல்லது.

திருக்கோவில் ரீச்சர்:

மாமா சொன்னதற்கு மேலே ஒன்று. ஐப்பசியிலிருந்து தை வரை நம் பக்கம் அடைமழை. நாள் கணக்கில் விடாமல் பெய்தால் மரத்தில் இருப்பது தப்பிவிடும், சாடியில் இருப்பது தப்பாது. அப்படியான நாட்களில் சாடியைக் கூரைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வையுங்கள், ஆனால் மொட்டு இருந்தால் அதே திசையைப் பார்த்தபடி. அடித்தண்டு மென்மையாகி, மஞ்சள் கலந்த பழுப்பாக நீர் விட்டால் அழுகல் தொடங்கிவிட்டது. காத்திருக்காமல் நல்ல பகுதி வரை வெட்டி எடுத்து, மேலே உள்ளதைப் புதிதாக நட்டுக்கொள்ளுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும்.

ஆரையம்பதிப் பிள்ளை:

வெட்டி நடுவது எப்படி? சின்னச் சாடிக்கு மாற்றும்போது சில கிளைகளை எடுக்கப் போகிறேன். கொழும்பில் தங்கச்சிக்கும் ஒன்று அனுப்ப வேண்டும்.

கல்லடி வளவு:

முற்றிய தட்டையில் ஒரு சாண் அளவு வெட்டுங்கள். வெட்டின கையோடு நட வேண்டாம். நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு கிழமை, பத்து நாள் வைத்தால் வெட்டு வாய் உலர்ந்து தோல் கட்டும். பிறகு இரண்டு விரற்கட்டை ஆழத்துக்கு நட்டு, சாயாமல் ஒரு ஈர்க்கு குத்திக் கட்டிவிடுங்கள். முதல் சில நாள் தண்ணீரே வேண்டாம், அப்புறம் லேசாகத் தெளித்தால் போதும். வேர் பிடிக்க ஒரு மாதம் மட்டில் எடுக்கும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும். மாரி நடுவில் வெட்டாதீர்கள், மாசி, பங்குனி நல்லது.

கல்முனை மொட்டைமாடி:

கொழும்புக்கு அனுப்புவதென்றால் வெட்டு வாய் உலர்ந்த பிறகு அனுப்புங்கள். பொலித்தீன் பையில் கட்ட வேண்டாம், பஸ் சூட்டில் வியர்த்து அழுகிவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றி மட்டைப் பெட்டியில் வையுங்கள். அடிப்பக்கத்தில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். தட்டையை நடுவில் துண்டாக்கினால் எது அடி, எது நுனி என்று வாங்குபவருக்குத் தெரியாது, தலைகீழாக நட்டுவிடுவார்கள்.

ஆரையம்பதிப் பிள்ளை:

சரி, இப்போது வெயில் காலம் என்பதால் சாடியையும் இடத்தையும் மட்டும் மாற்றுகிறேன், கிளை எடுப்பதை மாசிக்கு வைக்கிறேன். சிவப்பு ஹப்புத்தளையில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போகிறது. நானா, பொச்சுத் துண்டு எத்தனை நாள் ஊற வேண்டும்?

சம்மாந்துறை நானா:

தண்ணி தேயிலைச் சாயம் மாதிரி வராமல் தெளிவாக வரும் வரைக்கும். நாளுக்கு ஒரு தரம் மாற்றினால் ஒரு கிழமைக்குள் சரிவரும். கடைசித் தண்ணிக்குச் சவர் இல்லாததாகப் பாருங்கள்.